சின்னப் பெட்டியே போதும்

திரும்பி வரும் சாமான்களை வாங்கி வைப்பதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை அது. முன்பக்கம் விற்பனை, கண்ணாடி, விளக்கு, குளிர்ச்சி, சிரித்த முகங்கள். பின்பக்கம் வாரண்டி கவுண்டர், அங்கே நான். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா போச்சு.” ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டே நீட்டிய மதர்போர்டிலிருந்து டீ சொட்டியது. பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எது உழைக்கும், எது மூன்றே மாதத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அட்டைப்பெட்டியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும்.

அதனால் என் நாத்தனார் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது, பாகங்களைத் தேர்ந்தெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். முப்பத்து நான்கு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் போடுவது அவள் தொழில். கட்டடக் கம்பெனிக்காரர்கள் வெறும் கோடுகளாக ஒரு வரைபடத்தை அனுப்புவார்கள். அதற்குச் சுவர் எழுப்பி, தரை போட்டு, ஜன்னல் வழியாக வெயிலை உள்ளே விட்டு, மேஜைமேல் பாதி குடித்த கோப்பை ஒன்றையும் வைத்துவிடுவாள். பார்க்கிறவர்கள் போட்டோ என்றே நம்பி வீட்டுக்குப் பதிவு செய்துவிடுவார்கள்.

அந்தப் பேச்சுக்கு ஏழு மாதம் முன்னால் இரண்டு பைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “பத்து நாள்தான் அண்ணி,” என்றாள். அவள் வீட்டுக்காரர் அடிக்கிறவரில்லை, குடிக்கிறவரில்லை. அவளை நம்பமாட்டார், அவ்வளவுதான். யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய், அந்த மெயிலில் ‘அன்புடன்’ என்று எதற்குப் போட்டாய். ஆறு வருஷம் பதில் சொல்லிச் சொல்லி ஒருநாள் அவளிடம் பதில் தீர்ந்துபோய்விட்டது. அவள் வேலை செய்த கம்ப்யூட்டர் அவர் வாங்கியது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

எங்கள் வீடு நான்காவது மாடியில். இரண்டு அறை, ஒரு ஹால், மூன்றாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியேற வேண்டிய சமையலறை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த இரண்டாவது அறையில் துணி காயப்போடும் கம்பியும் என் தையல் மெஷினும் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அவளுக்குக் கட்டில் போட்டோம்.

சுண்டுவால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். துணி மடித்து வைப்பாள். பாத்திரம் கழுவி வைப்பாள். போனில் கூடக் கிசுகிசுப்பாகத்தான் பேசுவாள். அப்புறம் என்ன என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? கரண்டிகளை அவள் வேறு டப்பாவில் வைத்தாள். நான் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது அவளும் என் கணவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

“என்ன, சொன்னா நானும் சிரிப்பேன்ல?” என்பேன்.

“ஒண்ணுமில்ல, சின்ன வயசுக் கதை,” என்பார் அவர். விளக்கிச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வராது. என்னோடு அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பல் தேய்க்கும்போது யோசிப்பேன். பேச்சில்லாத நேரங்களில் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மௌனம் பிழியாத ஈரத்துணி மாதிரி வீடெங்கும் தொங்கும். எனக்கு என் வீடு திரும்ப வேண்டியிருந்தது. இவ்வளவு அற்பமான காரணம்தான்.

அவள் வேலை பார்த்தது அவள் அண்ணனுடைய பழைய லேப்டாப்பில். அறையை வடிவமைத்து முடித்த பிறகு, எந்த வெளிச்சம் எங்கே விழும், நிழல் எப்படி நீளும் என்று கம்ப்யூட்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் படமாக்கித் தர வேண்டும். அதை ரெண்டர் என்பார்கள். அந்த லேப்டாப்பில் ஓர் அறைக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. மிக்ஸி மாதிரி கத்தும். எட்டாவது மணி நேரத்தில் மூச்சை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வந்த வேலைகளில் பாதியை முடியாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நான்தான் ஆரம்பித்தேன். “உனக்குன்னு ஒரு மெஷின் இருந்தா யார் தயவும் வேண்டாம் சுண்டு. பாகம் பாகமா வாங்கி நீயே கட்டிக்கலாம். செலவும் குறையும்.”

“எனக்கு அதெல்லாம் வருமா அண்ணி?”

“ஸ்க்ரூ திருகத் தெரிஞ்சா போதும். எது வாங்கக் கூடாதுன்னு நான் சொல்றேன்.”

அவள் முகத்தில் ஏழு மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு வந்தது. அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இரண்டு வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே இல்லை. ரெண்டருக்குக் கிராஃபிக்ஸ் கார்டுதான் உயிர். அதில் மெமரி அதிகமாக இருந்தால்தான் பெரிய கட்டடங்களைத் தாங்கும். அதற்கு அவள் சேமிப்பில் பாதி போகட்டும் என்று முடிவு செய்தோம். ப்ராசசரில் ஒரு படி இறங்கினோம். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருகிற பவர் சப்ளையில் மட்டும் அவள் விலை குறைந்ததைக் குறித்து வைத்திருந்தாள். அதைக் கோடு போட்டு அடித்தேன்.

“இதுல கஞ்சத்தனம் பண்ணாதே. இந்தக் கம்பெனிது மாசத்துக்கு முப்பது வருது என்கிட்ட. போகும்போது தனியாப் போகாது, கூட இருக்கறதையும் இழுத்துக்கிட்டுப் போகும்.”

“சில மனுஷங்க மாதிரி,” என்றாள். என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இரண்டு வாரம் நாங்கள் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். நோட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். கடைசியாகக் கேபினெட், எல்லாப் பாகங்களையும் உள்ளே பொருத்தி மூடுகிற இரும்புப் பெட்டி. அவள் ஏற்கெனவே ஒன்றைக் குறித்து வைத்திருந்தாள். முழங்காலளவு உயரம், முன்பக்கம் முழுக்க வலை, மூன்று பெரிய மின்விசிறிகள். அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலைமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“காத்து நல்லாப் போகும்னு போட்டிருக்காங்க அண்ணி. நான் ரெண்டர் போட்டா நாள் பூரா ஓடுமே, சூடாகாதா?”

நூற்றுக்கு நூறு சரி. முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து கேட்டிருந்தால் நான் அதைத்தான் காட்டியிருப்பேன்.

“அவ்வளவு பெருசு எதுக்கு?” என்றேன். “இதைப் பாரு, அடக்கமா இருக்கு. மேல கைப்பிடி வேற. தூக்கிட்டுப் போகச் சுலபம்.”

“எங்க தூக்கிட்டுப் போக, அண்ணி?”

யதார்த்தமாகத்தான் கேட்டாள். நான் ஏதாவது ஒன்றைச் சட்டென்று சொல்லியிருந்தால் அவளும் விட்டிருப்பாள். நானோ பக்கத்து ரேக்கில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன். “இல்ல... பின்னால எப்பவாவது... தனியா ஒரு இடம் பார்த்தேன்னா...” என்று இழுத்தேன்.

அவள் வலைமேல் இருந்த கையை எடுத்துவிட்டு எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

“ஆமா, அதுவும் சரிதான். சின்னப் பெட்டியே போதும் அண்ணி.”

பெட்டி சின்னதானதும், மற்றதெல்லாம் செருகுகிற மதர்போர்டையும் சின்னதாக மாற்ற வேண்டி வந்தது, விசிறி ஒன்றோடு நின்றது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடம்கூட இல்லை. பில் போடுகிற விற்பனைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மேடம், இந்தக் கார்டுக்கு இந்தக் கேபினெட்டா?” என்றார்.

“போடுங்க,” என்றேன்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கட்ட உட்கார்ந்தோம். என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

“நான் என்ன பண்ணட்டும் சுண்டு?”

“நீ தும்மாம இரு அண்ணா. அதுவே பெரிய உதவி.”

ப்ராசசரை அதன் குழியில் வைத்து நெம்புகோலை அழுத்தும்போது அது நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். சூட்டைக் கடத்துகிற களிம்பை அரிசியளவு வைத்து மேலே விசிறியைப் பொருத்தினாள். ஒயர்களை எல்லாம் அந்தக் குறுகிய இடத்துக்குள் மடக்கிச் செருக ஒரு மணி நேரம் ஆயிற்று. விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு. கடைசியில் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. ப்ராசசருக்குப் போகிற ஒயரைச் செருகவில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். விசிறி சுழன்றது, திரை விழித்தது. “வந்துடுச்சு!” என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஒன்பது மணி நேரம் எடுத்த அறை முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சினிமா பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தோம்.

பதினைந்து நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது, “ரூம் பார்த்துட்டேன்,” என்றாள்.

“எதுக்கு இப்போ?” என்றார் என் கணவர். என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். “வேணும்னா இரேன்.”

அந்த ‘வேணும்னா’வை மூவருமே கேட்டோம். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். கிளம்புகிற அன்று இரண்டு பைகளும் ஒரு மானிட்டரும் என் கணவர் கையில். பெட்டியை அவளே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். நான் உள்ளே வந்து கரண்டிகளைப் பழைய டப்பாவுக்கு மாற்றினேன்.

அவள் பார்த்த இடம் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி. கீழே ஒரு சலவைக் கடை. துணி உலர்த்தும் மெஷின்களின் வெப்பக்குழாய் அவள் ஜன்னலுக்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டிருந்ததால் ஜன்னலைத் திறக்க முடியாது. அறைக்குள் கால் வைத்ததும் நெற்றி வேர்க்கும். நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் போன் செய்தாள். “அண்ணி, ரெண்டர் நடுவுல தானா அணைஞ்சிடுது.”

“பெட்டியோட பக்கக் கதவைக் கழட்டி வை. மேஜை விசிறியை நேரா அதுக்குள்ள திருப்பு.”

“அப்ப எனக்கு?”

“என்ன உனக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணி,” என்று சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் விளங்கியது. அவளிடம் இருந்தது ஒரே விசிறி.

அந்த ஏற்பாட்டில் ஒன்றரை மாதம் ஓடியது. அப்போதுதான் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. நூற்றிருபது வீடுகள் உள்ள கட்டடம், பதினெட்டுப் படங்கள், பத்து நாள் கெடு. இது நல்லபடியாக முடிந்தால் அந்தக் கம்பெனியின் எல்லா வேலையும் அவளுக்கே என்று சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்குப் போன் செய்து அவள் சொன்னது எனக்கும் கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். ஆறாவது நாள் கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போனது.

மறுநாள் காலையில் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அண்ணிதானே என்று நேரே வரவில்லை. டோக்கன் எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர். அந்த மூன்று பேரையும் நான் பார்த்து முடிக்கும்வரை துண்டைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாள்.

கார்டைச் சோதனை மெஷினில் மாட்டினேன். உயிரில்லை. லேசான கருகல் வாசனை. சூட்டால்தான் போயிற்று என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்ல பெட்டியில் இருந்த கார்டுகளும் என்னிடம் வந்திருக்கின்றன. இந்தச் சமாதானத்தை நான் எனக்கே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

“நான் ஒண்ணும் பண்ணல அண்ணி,” என்றாள். “அதுவா போச்சு.”

“கம்பெனிக்கு அனுப்பணும். மாத்தித் தருவாங்க. மூணு வாரம் ஆகும்.”

“எனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு.”

உள்ளே போய் முதலாளியிடம் கேட்டேன், ஒரு கார்டை மூன்று நாளைக்கு இரவலாகக் கொடுக்கலாமா என்று. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “வீட்டு ஆளுன்னு ஆரம்பிச்சா கடை என்னம்மா ஆகும்?” என்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் நான் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். என் வளையலைக் கழற்றிக் கொடுத்து முன்பக்கம் போய் இன்னொன்று வாங்கு என்றிருக்கலாம். நம் வீட்டுக்கு வா, மூன்று பேருமாக யோசிப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். அடுத்த டோக்கன்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“பில் இருக்கா?” என்றேன்.

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு பையைத் திறந்து நான்காக மடித்த பில்லை எடுத்து நீட்டினாள். படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து என் கணவர் சொன்னார். “சுண்டு போயிட்டா.”

“எங்க?”

“அவ வீட்டுக்காரர்கிட்டயே. அந்தப் பழைய கம்ப்யூட்டர் அங்க சும்மாதானே கிடக்கு. படங்களை முடிக்கற வரைக்கும்தான்னு போனா. முடிச்சும் கொடுத்துட்டா. இப்போ ரூமைக் காலி பண்ணச் சொல்லி எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கா.”

என் கணவர்தான் போய்ப் பெட்டியையும் மானிட்டரையும் எடுத்து வந்து அந்த இரண்டாவது அறையில் வைத்தார். அவர் குனிந்து வைத்துவிட்டு நிமிரும்போது எனக்கு அடக்க முடியவில்லை.

“நான்தாங்க அந்தச் சின்னப் பெட்டியை எடுக்க வெச்சேன். அவ பெருசுதான் கேட்டா.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கைப்பிடியைப் பார்த்த அன்னைக்கே தெரியும். பதினோரு வருஷம் அங்க வேலை பாக்கற, உனக்கா எது சரின்னு தெரியாது?” அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கையில் ஒட்டிய தூசியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் அப்பவே கேட்டிருக்கலாம். கேக்கல. எனக்கும் அலுப்பாத்தான் இருந்துச்சு. தினம் வந்ததும் அவளைச் சிரிக்க வைக்கணுமேன்னு.”

அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.

மாற்றுக் கார்டு இருபத்து மூன்றாம் நாள் வந்தது. சீல் வைத்த புதுப்பெட்டி. எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். “வாங்க தங்கச்சி, வாங்க,” என்று மலர்ச்சியாக வரவேற்றார்; அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் மேஜை ஹாலில் இருந்தது, சோபாவில் உட்கார்ந்தால் திரை முழுக்கத் தெரிகிற மாதிரி. சுண்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னோடு பேசினாள். இளைத்திருந்தாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் திரை பூட்டிக்கொண்டது. அவள் பேச்சை நிறுத்தினாள். அவர் எழுந்து வந்து அவள் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் தட்டும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் இது மூன்று முறை நடந்தது. அவர்கள் இருவருக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி பழகியிருந்தது.

வாசல்வரை வழியனுப்ப வந்தாள். கார்டுப் பெட்டியைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“நீங்களே வெச்சிருங்க அண்ணி. இங்க இருந்தா எதுக்குன்னு கேள்வி வரும்.”

“சுண்டு,” என்றேன். “நம்ம வீட்டுக்கு வந்துடு.”

“எத்தனை நாளைக்கு அண்ணி?”

குத்திக்காட்டவில்லை. ஒரு விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்று சொல்ல எனக்கு வாயிருந்தது. ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

“லிஃப்ட் வேலை செய்யல. படியில வெளிச்சம் கம்மி, பார்த்து இறங்குங்க,” என்றாள்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. “யார்கூடப் பேசிட்டு இருக்க?”

“அண்ணிதான்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் இரண்டு படி இறங்கி நின்றேன். உள்ளே அவர் ஏதோ கேட்பதும், அவள் பொறுமையாகப் பதில் சொல்வதும், அவர் மறுபடி கேட்பதும் காதில் விழுந்தன. வார்த்தைகள் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினேன்.